தன்னுடல் தாக்குநோயும் மகப்பேறும்: 'வேண்டாம்' என்பதிலிருந்து 'எப்போது' என்பது வரை

தன்னுடல் தாக்குநோய் என்பது, கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலின் திசுக்களையே பகையாகக் கருதித் தாக்குவதால் வரும் நோய்களின் பொதுப்பெயர். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், தோல், சிறுநீரகம், ரத்தம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், கண்ணீரையும் உமிழ்நீரையும் வற்றச் செய்யும் சோக்ரன் நோய் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம் வருகின்றன. லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தொடங்குவது திருமணமும் குழந்தைப்பேறும் நிகழும் வயதில்தான்.

இந்நோய் உள்ள பெண் தாயாகலாமா என்ற கேள்விக்கு மருத்துவம் அளித்த பதில் நூறாண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. ஒரு காலத்தில் 'வேண்டாம்' என்பதே பதிலாக இருந்தது. இன்று பெரும்பாலோருக்கு 'ஆகலாம், ஆனால் எப்போது என்பதைத் திட்டமிட்டு' என்று சொல்லப்படுகிறது. இந்த மாற்றத்தின் வரலாற்றில் சென்னைக்கும் குன்னூருக்கும் பம்பாய்க்கும் பங்கு உண்டு.

தன்னையே தாக்குமா உடல்?

உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் நம்பினர். ஜெர்மானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக், அப்படி நேர்வதை உயிர்கள் இயல்பாகவே தவிர்க்கும் என்று கருதினார். 1904ஆம் ஆண்டிலேயே வியன்னாவில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் இருவரும் ஒரு நோயாளியின் ரத்தத்தில் அவரது சிவப்பணுக்களையே அழிக்கும் பொருளைக் கண்டுபிடித்தனர். ஆனாலும் தன்னுடல் தாக்குதல் என்ற கருத்து மருத்துவ உலகில் நிலைபெற மேலும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் லூபஸ் நோயாளிகளிடம் காணப்படும் ஒரு தனி வகை உயிரணுவைக் கண்டனர். லூபஸை ஆய்வகத்தில் உறுதிசெய்ய அதன்மூலம் வழி பிறந்தது. அதற்கு முன் நோய் மிகவும் முற்றியவர்களே மருத்துவர் கண்ணில் பட்டனர். 1955இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லூபஸ் என்று கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேரே. அத்தகைய காலத்தில் 'குழந்தை பெற வேண்டாம்' என்று மருத்துவர்கள் சொன்னதிலும், கருவுற்றவர்களுக்குக் கருக்கலைப்பைப் பரிந்துரைத்ததிலும் வியப்பில்லை. தாயின் உயிரே உறுதியில்லாத நிலையில் பிள்ளையைப் பற்றி எண்ண இடமில்லாமல் போயிற்று.

கர்ப்பத்தில் விலகிய மூட்டுவலி

இதே காலத்தில் முடக்குவாதத்தில் வேறொரு செய்தி வெளிப்பட்டது. மேயோ மருத்துவமனையின் மருத்துவர் பிலிப் ஹென்ச், 1929 முதல் ஒரு விசித்திரத்தைக் கவனித்து வந்தார். மஞ்சள்காமாலை வந்த சில முடக்குவாத நோயாளிகளுக்கு மூட்டுவலி தானாகவே தணிந்தது. கருவுற்ற பெண்களிடமும் அவ்வாறே நிகழ்வதை அவர் கண்டார். எழுந்து நடக்கவே சிரமப்பட்ட பெண்கள் கர்ப்பத்தின் நடுமாதங்களில் வலியின்றி நடமாடினர். பிரசவமான சில வாரங்களில் வலி மீண்டும் வந்தது. இதை 1938இல் அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

முடக்குவாதம் ஒருமுறை வந்தால் திரும்பாத பாதையில் செல்லும் என்று கருதப்பட்ட காலம் அது. 'திரும்பும்' என்பதற்குக் கருவுற்ற பெண்களின் உடல்களே சான்றாயின. காமாலையிலும் கர்ப்பத்திலும் உடலில் மிகும் ஏதோ ஒரு பொருள்தான் இந்த நன்மையைச் செய்கிறது என்று ஹென்ச் ஊகித்தார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்திருந்தார். அவற்றுள் ஒன்று 1948 செப்டம்பர் 21 அன்று கடும் முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஊசியாகச் செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் நடந்தார். அப்பொருள்தான் கார்ட்டிசோன். ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கர்ப்பத்தில் வலி தணிவதற்குக் கார்ட்டிசோன் ஒன்றே காரணம் அல்ல என்பது பின்னர் தெளிவாயிற்று. தாயின் உடலுக்குக் குழந்தை பாதி அயலானது. தந்தையிடமிருந்து வந்த கூறுகளைத் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் புதிரை 1953இல் பீட்டர் மெடவார் முன்வைத்தார். குழந்தைக்காக நோய் எதிர்ப்பு மண்டலம் செய்துகொள்ளும் மாற்றங்களே சில நோய்களைத் தணிக்கின்றன என்று இன்று கருதப்படுகிறது.

ஹென்ச் கண்ட தணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 2008இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் நோய் ஓரளவேனும் தீவிரமாக இருந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே குறிப்பிடத்தக்க குணம் கிடைத்தது. எனவே 'கருவுற்றால் முடக்குவாதம் தானாகச் சரியாகும்' என்று சொல்லி மருந்தை நிறுத்துவது சரியன்று. லூபஸிலோ நிலைமை நேர்மாறாகவும் அமையலாம். கர்ப்பத்தின்போது நோய் சீறி எழுவதும் உண்டு.

பம்பாய், குன்னூர், திருவல்லிக்கேணி

இந்த வரலாற்றின் இன்னொரு இழை இந்தியாவில் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த மார்கரெட் பால்ஃபோர் அவரை அழைத்திருந்தார். பஞ்சாலைத் தொழிலாளர்களான ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் கடும் ரத்தசோகை வந்து பலர் இறந்தனர். அதன் காரணத்தைக் கண்டறிவதே அவருடைய பணி.

நோய்க்குக் கிருமி காரணமா, உணவு காரணமா என்று அவர் ஆராய்ந்தார். பெண்களின் வீடுகளில் என்ன சமைக்கிறார்கள், எவ்வளவு உண்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்தார். 1929இல் சில மாதங்கள் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பணிபுரிந்தார். ராபர்ட் மெக்காரிசன் அங்கு இந்தியர்களின் உணவு குறித்த ஆய்வுகளை நடத்தி வந்தார். 1931இன் தொடக்கத்தில் லூசி வில்ஸ் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். முக்காடு முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்காக 1885இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. இன்று அதன் பெயர் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆயினும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்பதே மக்கள் வழக்கில் நிலைத்திருக்கிறது.

கல்லீரல் சாறு கொடுத்தால் ரத்தசோகை குணமாவதை லூசி வில்ஸ் அறிந்தார். ஆனால் அது ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மலிவாகக் கிடைத்த, ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற உணவுப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார். அதிலும் நோய் குணமானது. 1931இல் இந்த முடிவை அவர் வெளியிட்டார். ஈஸ்ட்டில் இருந்த, பெயர் தெரியாத அந்தப் பொருளை மருத்துவ உலகம் நெடுங்காலம் 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைவகைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் தேடியதும் இந்தச் சத்தைத்தான் என்பது அதன்பின் விளங்கியது.

சுப்பாராவும் ஃபோலிக் அமிலத்தின் எதிரியும்

ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கும் பணி 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் நிறைவேறியது. அந்தப் பணியை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்து வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. குடலைப் பாதித்து உணவின் சத்தை உறிஞ்சவிடாமல் செய்யும் 'ஸ்ப்ரூ' நோய்க்கு உடன்பிறந்தோரைப் பறிகொடுத்தவர் அவர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு வரும் ரத்தசோகையைத் தணிக்கும் பொருள்களில் ஒன்று ஃபோலிக் அமிலம்.

ஃபோலிக் அமிலத்தின் வேதியியல் அமைப்பு தெரிந்ததும், அதைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் சுப்பாராவின் குழு உருவாக்கியது. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத போலிச் சாவி போன்றவை அவை. உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைத் தடுத்தால் வேகமாகப் பெருகும் அணுக்கள் நின்றுபோகும். பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் இவற்றில் ஒன்றான அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாக விலகுவதை 1948இல் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

1951இல் அதே அமினோப்டெரின் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் என்னும் தோல்நோய்க்கும் பயன்படுவதை அமெரிக்க மருத்துவர் குப்னரும் அவருடைய குழுவினரும் கண்டனர். அதன் உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. 1985இல் வெளியான ஆய்வுகள் முடக்குவாதத்தில் அதன் பயனை உறுதிப்படுத்தின. 1988இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. இன்று உலகெங்கும் முடக்குவாத மருத்துவத்தின் முதல் மருந்து இதுவே. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டிய மலிவான மாத்திரை. மூட்டுகள் கோணலாவதிலிருந்து பலரை இது காத்துள்ளது.

கருவோ, உடலிலேயே மிக வேகமாகப் பெருகும் உயிரணுக்களின் தொகுதி. 1952இல் ஜான் தியர்ஷ் என்ற ஆய்வாளர், அமினோப்டெரின் கருவை அழிப்பதைப் பதிவுசெய்தார். அழியாமல் பிறந்த சில குழந்தைகளின் மண்டையோட்டிலும் கைகால்களிலும் குறைபாடுகள் இருந்தன. மெத்தோட்ரெக்சேட்டுக்கும் இந்தத் தீங்கு உண்டு. தாயின் மூட்டைக் காக்கும் மருந்து கருவுக்கு நஞ்சாவதால், கருத்தரிக்க விரும்பும் பெண் அதை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். ஒன்று முதல் மூன்று மாத இடைவெளி தேவை என்பது இன்றைய வழிகாட்டுதல்.

எண்ணத் தொடங்கும் நாள்

இங்கே வில்ஸின் இழையும் சுப்பாராவின் இழையும் மீண்டும் சந்திக்கின்றன. 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. முன்பு முதுகுத்தண்டுக் குறைபாட்டுடன் குழந்தை பெற்ற பெண்கள், கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறையும் என்று அது காட்டியது.

'கருத்தரிக்கும் முன்பிருந்தே' என்ற சொற்கள் முக்கியமானவை. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கருத்தரித்த 28ஆம் நாள் அளவில் மூடிவிடும். மாதவிலக்கு ஒரு வாரமோ பத்து நாளோ தள்ளிப்போய், 'இருக்குமோ' என்று ஐயம் எழும் வேளையில் அந்த வேலை முடியும் தறுவாயில் இருக்கும். கர்ப்பம் உறுதியானபின் மாத்திரையைத் தொடங்குவதும், கர்ப்பம் உறுதியானபின் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவதும் ஒரே காரணத்தால் தாமதமானவை. சாதாரணப் பெண்ணுக்குக் கர்ப்பக் கணக்கு தள்ளிப்போன நாளில் தொடங்குகிறது. தன்னுடல் தாக்குநோய் உள்ள பெண்ணுக்கோ அது ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

குற்றமற்றவளுக்குக் கிடைத்த விடை

அடுத்தடுத்துக் கருச்சிதைவு நேரும் பெண்களின் துயரத்துக்கு நெடுங்காலம் மருத்துவத்தில் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் பழி வந்து அமர்ந்தது. ராசி இல்லாதவள், கனமான வேலை செய்தாள், சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டாள் என்று வீட்டிலும் ஊரிலும் காரணங்கள் சொல்லப்பட்டன.

1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு தொடர்பை வெளிப்படுத்தினர். சிலரின் ரத்தத்தில் காணப்படும் ஒருவகை எதிர்ப்பொருள் ரத்தத்தை எளிதில் உறையச் செய்கிறது. அதனால் இளவயதிலேயே பக்கவாதமும் கால் நரம்புகளில் ரத்தக்கட்டும் வருகின்றன. நஞ்சுக்கொடியின் வளர்ச்சி கெட்டுக் கரு அழிகிறது. லூபஸ் உள்ளவர்களிடமும், வேறு நோய் எதுவும் இல்லாதவர்களிடமும் இது காணப்படலாம். இந்நிலைக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர்.

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் மருந்தும் கிடைத்தது. 1997இல் லண்டனில் வெளியான ஆய்வில், இந்த எதிர்ப்பொருளும் தொடர் கருச்சிதைவும் உள்ள 90 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கு உயிருள்ள குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினுடன் ஹெப்பாரின் ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் அது 71 விழுக்காடாக உயர்ந்தது. மூன்று முறை கருச்சிதைவு நேர்ந்த பெண்ணுக்கு இன்று செய்ய வேண்டியவற்றுள் ஒன்று இதற்கான ரத்தப் பரிசோதனை.

அதே 1983இல் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. சில குழந்தைகள் மிகக் குறைந்த இதயத் துடிப்புடன் பிறப்பதை மருத்துவர்கள் முன்பே அறிவர். அவர்களின் தாய்மார் ரத்தத்தில் 'ரோ' என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதும், அது நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் இதயத்தைத் தாக்குவதும் தெரியவந்தன. இந்த எதிர்ப்பொருள் உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்கே இப்படி நேர்கிறது. ஒருமுறை நேர்ந்தபின் அடுத்த பிரசவத்தில் அந்த வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. எனவே இந்தத் தாய்மார்க்குக் கர்ப்பத்தின் நடுமாதங்களில் குழந்தையின் இதயத்தை ஸ்கேன் மூலம் கண்காணிப்பது வழக்கமாயிற்று. நோயின் அறிகுறியே இல்லாத சில பெண்களுக்கு, தம் உடலில் இந்த எதிர்ப்பொருள் இருப்பது குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்த பிறகே தெரியவருகிறது.

மலேரியா மாத்திரையின் மறுவாழ்வு

1951இல் பிரான்சிஸ் பேஜ் என்ற ஆங்கிலேய மருத்துவர், மெப்பாக்ரின் என்ற மலேரியா மருந்து லூபஸ் நோயாளிகளின் தோல் தடிப்பைக் குறைப்பதாக எழுதினார். அந்த வகையில் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் கர்ப்பகாலத்தில் இதைக் கொடுக்க மருத்துவர்கள் அஞ்சினர். ஆண்டுகள் செல்லச் செல்ல, மருந்தைத் தொடர்ந்தவர்களை விட அஞ்சி நிறுத்தியவர்களிடமே நோய் அதிகம் சீறியது என்று தெரிந்தது. இன்று லூபஸ் உள்ள கர்ப்பிணிகளுக்கு, தடை ஏதும் இல்லையெனில், இதைத் தொடர வேண்டும் என்பதே பரிந்துரை. ரோ எதிர்ப்பொருளால் முதல் குழந்தை பாதிக்கப்பட்ட தாய்க்கு இம்மருந்து கொடுத்தால் அடுத்த குழந்தைக்கு அந்த ஆபத்து குறைகிறது என்பதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

'கர்ப்பம் என்றால் எல்லா மருந்தையும் நிறுத்து' என்ற எண்ணம் இங்கே தவறாகிறது. சில மருந்துகளைத் தொடர்வது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. சிலவற்றை நிறுத்துவது ஆபத்து.

இன்றைய திட்டமிடல்

2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நோய் அடங்கியிருந்த அல்லது மிதமாக இருந்த நிலையில் கருவுற்ற 385 லூபஸ் பெண்களைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 81 விழுக்காட்டினருக்குப் பெரிய சிக்கல் எதுவும் நேரவில்லை. 'வேண்டாம்' என்ற பழைய பதிலை மாற்றிய ஆய்வுகளில் இது முக்கியமானது. 2020இல் அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி, மகப்பேறு தொடர்பான விரிவான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. இன்று பொதுவாகப் பின்பற்றப்படுபவை இவை:

நோய் குறைந்தது ஆறு மாதங்கள் அடங்கியிருந்த பின் கருத்தரிப்பது நல்லது. லூபஸில் சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இது மேலும் முக்கியம்.

மெத்தோட்ரெக்சேட், மைக்கோபீனோலேட், லெஃப்ளுனோமைடு ஆகியவற்றை மருத்துவர் மேற்பார்வையில் முன்கூட்டியே நிறுத்திப் பாதுகாப்பான மருந்துக்கு மாற வேண்டும். லெஃப்ளுனோமைடு உடலில் நெடுங்காலம் தங்குவதால், அதை வெளியேற்றத் தனி மருந்து தேவைப்படும். மைக்கோபீனோலேட்டுக்கு ஆறு வார இடைவெளி வேண்டும்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபசாலசின், அசாதயோப்ரின் ஆகியவற்றைக் கர்ப்பகாலத்திலும் தொடரலாம். ஸ்டீராய்டு மாத்திரையைத் தேவைப்படும்போது குறைந்த அளவில் கொடுப்பர். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

ரோ எதிர்ப்பொருளும் ரத்தத்தை உறையச் செய்யும் எதிர்ப்பொருள்களும் உள்ளனவா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

லூபஸ் உள்ள கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதங்களிலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கப்படும். கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்தைத் தடுக்க இது உதவும்.

தக்க காலம் வரும்வரை கருத்தடை தேவை. ரத்தத்தை உறையச் செய்யும் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஏற்றதன்று. காப்பர்-டி போன்றவற்றைப் பயன்படுத்தலாம்.

கருத்தரிப்பதில் தாமதம் ஏற்படுவதும் உண்டு. முடக்குவாதம் தீவிரமாக உள்ள பெண்களுக்குக் கருத்தரிக்கக் கூடுதல் காலம் ஆகிறது. தொடர்ந்து எடுக்கும் சில வலிநிவாரணிகள் கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கக்கூடும். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது கொடுக்கப்படும் சைக்ளோபாஸ்பமைடு கருப்பையின் இருபுறமும் உள்ள முட்டைப்பைகளைப் பாதிக்கும். வயதும் மருந்தின் அளவும் கூடக் கூடப் பாதிப்பும் கூடும். ஆகவே பிற்காலத்தில் குழந்தை வேண்டுமா என்ற பேச்சு இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே நடக்க வேண்டும். திருமணமாகாத பெண் என்பதற்காக அதைத் தவிர்ப்பது முறையன்று.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் ருமட்டாலஜி எனப்படும் மூட்டுவாதவியலுக்குத் தனித்துறை தொடக்கத்திலேயே அமைந்த இடங்களில் சென்னை மருத்துவக் கல்லூரியும் ஒன்று. அத்துறையின் முன்னோடி ஏ. என். சந்திரசேகரன். நோயின் பரவலைப் பொறுத்தவரை, 1993இல் டெல்லிக்கு அருகே கிராமப்புறத்தில் நடந்த கணக்கெடுப்புகளில் முடக்குவாதம் பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கும், லூபஸ் ஒரு லட்சத்துக்கு 3.2 பேருக்கும் இருந்தன. இருநூறு பெரியவர்கள் வாழும் தெருவில் ஒருவர் அல்லது இருவர் என்ற அளவில் முடக்குவாதம் இருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

விருதுநகர் மாவட்டத்தின் ஆலங்குளம் அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட ஊர். தென்காசி மாவட்டத்தில் இதே பெயருள்ள ஊர் வேறு. ஆலங்குளத்தைச் சூழ்ந்த வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். காகிதக் குழல் சுருட்டுவது, திரி வைப்பது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் விரல்களின் வேலை. செய்த எண்ணிக்கைக்கே கூலி என்பதும் வழக்கம். முடக்குவாதம் முதலில் பிடிப்பது விரல் மூட்டுகளையும் மணிக்கட்டையும்தான். காலையில் ஒரு மணி நேரமாவது விரல் மடங்காது. கூலி குறையும் என்ற அச்சத்தில் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிச் சமாளிப்பவர்களும் உண்டு. அந்தப் பெண்ணிடம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொல்வது எளிது; அதற்கு மாற்றாக வேறு மருந்து கொடுக்காவிட்டால் அவள் வேலையை இழக்கிறாள். திட்டமிடல் என்பது மருந்தை நிறுத்துவது அன்று, மாற்றுவது என்பதை இவ்வட்டாரம் தெளிவாகக் காட்டும்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் முறை வலுவாக உள்ளது. கிராம செவிலியர் வழியே கர்ப்பம் பதிவாகி எண் வழங்கப்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம் பெறவும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். 1970இலிருந்து நாடு முழுவதும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள் அரசால் வழங்கப்படுகின்றன. லூசி வில்ஸ் பம்பாயில் தேடியதன் பயன் அந்த மாத்திரையில் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவேடு கர்ப்பம் உறுதியான நாளில்தான் தொடங்குகிறது. தன்னுடல் தாக்குநோய் உள்ள பெண்ணுக்கு மிக முக்கியமான அதற்கு முந்தைய மாதங்களுக்குப் பதிவேட்டில் இடமில்லை. அந்த மாதங்களைக் கணக்கில் கொள்ள வேண்டியவர்கள் அவளும், அவள் கணவரும், அவளுக்கு மருந்து எழுதும் மருத்துவரும்தான்.

திருமணமும் இதில் ஓர் இடர். பெண்ணுக்கு நோய் இருப்பதை மறைத்து மணம் முடிக்கும் வீடுகளில், மாத்திரையை மறைத்தே விழுங்க வேண்டியிருக்கிறது; அல்லது மாத்திரையே நின்றுபோகிறது. மணமான உடனே 'விசேஷம் உண்டா' என்ற கேள்வி எழும் சூழலில் ஆறு மாதம் பொறுக்கச் சொல்லும் மருத்துவரின் பேச்சை வீட்டில் எடுத்துச் சொல்ல அவளால் முடிவதில்லை. கணவரையும் மாமியாரையும் மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்வது இதற்கு ஓரளவு தீர்வாகிறது.

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமும் கவனிக்கத்தக்கது. ஊர் மாறும்போது மருத்துவமனையும் மாறுகிறது. தாய் சேய் நல அட்டையுடன், நோய்க்கான பழைய சீட்டுகளும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் பையில் செல்ல வேண்டும். ஹென்ச் 1938இலேயே எழுதியபடி, பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் முடக்குவாதம் திரும்பி வரும். குழந்தையைத் தூக்க முடியாமல் மணிக்கட்டு வீங்கும் அந்த நாள்களில் அதைப் 'பிள்ளை பெற்ற அலுப்பு' என்று வீட்டார் கருதிவிடுவதுண்டு. தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுக்கத்தக்க மருந்துகள் உள்ளன. எனவே பிரசவத்துக்குப் பின் மூட்டு மருத்துவரைப் பார்க்கும் நாளையும் முன்கூட்டியே குறித்து வைப்பது நல்லது.

விருதுநகர் மாவட்டத்தினர் பெரிய நோய்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை நம்பியிருந்தனர். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. ஆலங்குளத்துப் பெண்ணுக்குப் பயண தூரம் இதனால் குறைந்துள்ளது. அவள் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எனக்கு நோய் அடங்கியிருக்கிறதா? நான் எடுக்கும் மாத்திரைகளில் எதை மாற்ற வேண்டும்? எந்த மாதத்திலிருந்து கருத்தரிக்கலாம்? நூறாண்டுகளுக்கு முன் இவற்றுக்கு விடை சொல்ல எவரும் இல்லை. இன்று விடை உண்டு. கர்ப்பத்துக்கு முன்பே கேட்டால்தான் அது பயன்படும்.